தூங்காமை என்றால் விழித்திருப்பதா?

'தூங்கு' என்ற வினைக்கு முதற்பொருள் தொங்குதல். உறக்கம் பிற்பாடு வந்து சேர்ந்தது. மலையாளத்தில் இன்றும் அது தொங்குவதையே குறிக்கிறது. கன்னடத்தின் 'தூகு' ஊஞ்சலாட்டுவதற்கும் நிறுப்பதற்கும் ஆகிறது. தமிழிலும் இதன் பிறவினையான 'தூக்கு', தூக்குச்சட்டியிலும் தூக்குக்கயிற்றிலும் பழைய பொருளோடு இருக்கிறது. கூட்டைத் தொங்கவிடும் பறவை தூக்கணாங்குருவி. வானில் தொங்கிய கோட்டையை அழித்ததாகச் சொல்லப்படும் சோழனுக்குப் பெயர் 'தூங்கெயில் எறிந்த' செம்பியன்.

தொங்குவது சும்மா இராது, அசையும். புறநானூற்றின் 22ஆம் பாட்டு, யானையின் ஆடும் துதிக்கைக்குத் 'தூங்கு' என்ற அடைமொழியைத் தருகிறது. ஆடி அசைந்து போவது மெல்லப் போவதாயிற்று. அதிலிருந்து காரியத்தை மெல்லச் செய்வதும் தள்ளிப்போடுவதும் பொருளாயின. வஞ்சிப்பாவின் ஓசையை இலக்கணிகள் தூங்கலோசை என்றார்கள். கேட்பவர் கண்ணயர்வார் என்ற பொருளில் அல்ல.

குறள் இந்தச் சொல்லை நன்றாகவே வேலை வாங்கியிருக்கிறது. 672ஆம் குறளின் ஏழு சீர்களில் நான்கு இந்த வினையின் வடிவங்கள். ஆறப்போட வேண்டியதை ஆறப்போடு, உடனே முடிக்க வேண்டியதை ஆறப்போடாதே என்பது கருத்து. நிதானம், சுணக்கம் இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். எது எது என்று காரியம்தான் சொல்ல வேண்டும். 383ஆம் குறள் நாடாள்பவனுக்கு வேண்டியவற்றுள் முதலில் தூங்காமையை வைக்கிறது. பள்ளி மாணவர் பலர் அரசன் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வதுண்டு. கேட்கப்படுவதோ காலம் தாழ்த்தாமை.

உறக்கத்துக்கு அப்போது துயில், துஞ்சு, உறங்கு என்று தனிச்சொற்கள் இருந்தன. துஞ்சு சாவுக்கும் வழங்கியது. சோழன் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் அங்கே இறந்தவன். தூங்கு உறக்கமாக மாறிய வழியைப் பேருந்தில் பார்க்கலாம். உட்கார்ந்தபடியே தலை தொங்கி, ஆடி, பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்பவரைத் 'தூங்கி விழுகிறார்' என்கிறோம். கன்னடத்திலும் இப்படிக் கண்ணயர்வதற்கு 'தூகடிசு' என்ற சொல் உண்டு. குமரி, நெல்லைப் பக்கம் 'உறங்கு' இன்னும் பேச்சில் நிற்கிறது.

காலங்கடத்தும் பொருளை வடமொழித் 'தாமதம்' எடுத்துக்கொண்டது. அதுவும் முதலில் நேரத்தைக் குறித்ததல்ல. முக்குணங்களுள் இருளும் சோம்பலுமான தமோகுணத்தின் பெயர். ஆனால் தாலுகா அலுவலகத்தில் மனு மாதக்கணக்கில் 'தூங்குகிறது' என்று சலித்துக்கொள்பவர், உறக்கத்தை நினைத்துச் சொன்னாலும், வள்ளுவர் ஆண்ட பொருளிலேயே பேசுகிறார்.