தோல் வணிகமும் ஏணிச் சின்னமும்: பாலாற்றங்கரையில் முஸ்லிம் லீக்

இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைப் பற்றி எழுதுவோர் இரண்டு இடங்களைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒன்று, 1948 மார்ச் 10 அன்று அக்கட்சி உருக்கொண்ட, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னைக் கட்டடம். மற்றொன்று, அக்கட்சியை அமைச்சரவை வரை கொண்டுசென்ற மலபார். மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் பதனிடும் ஊர்களுக்கு இந்த வரலாற்றில் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டு லீக்கைத் திமுகவின் வால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். அந்தச் சொல்லில் கேலி இருக்கிறது, விளக்கம் இல்லை. இவ்வட்டாரத்தில் லீக் கிளை கட்டி, உறுப்பினர் சேர்த்து வளர்ந்த கட்சி அல்ல. தோல் வணிகம் தனக்கென்று எழுப்பிக்கொண்ட கல்விச் சங்கம், மதரசா, ஜமாத் ஆகியவற்றின் மேல் அமர்ந்த கட்சி அது. அதன் வலுவும் வரம்பும் அங்கிருந்தே வந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

குரோமியம் பரவுவதற்கு முன்பு இங்கே தோல் பதப்பட்டது ஆவாரம்பட்டையில். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கிய தோலைப் பட்டைக் குழியில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். அப்படிப் பாதி பதப்பட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு வணிகர் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. குழியில் தோல் இறங்கிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடும். அதுவரை வேலையை நடத்தியது கடன். கடனை நடத்தியது நாணயம். ஒருவரின் நாணயத்தை அறிய வங்கியைவிட ஜமாத்தே வசதியான இடமாக இருந்திருக்க வேண்டும். தோல் ஷாப் முதலாளியே பள்ளிவாசல் முத்தவல்லியாகவும் பள்ளிக்கூடத் தாளாளராகவும் இருப்பதை வெறும் பக்தியாகவோ வெறும் பகட்டாகவோ நான் பார்க்கவில்லை. தொழிலின் அமைப்பே அதைக் கேட்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் காலணிகளுக்கு இந்தத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், 1919இல், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924இல் ஆம்பூருக்குப் பக்கத்து உமராபாத்தில் தோல் வணிகர் காக்கா முகம்மது உமர் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவினார். மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீமின் கொடைகள் சென்னை வரை நீண்டன. அவர் பெயரில் 1965இல் அவ்வூரில் கல்லூரி வந்தது. கட்சி பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, கட்சிகள் வழக்கமாகச் செய்யும் வேலைகளில் பாதியை இந்நிறுவனங்கள் செய்துகொண்டிருந்தன. படித்த இளைஞரை உருவாக்கின. ஊர்ப் பெரியவர் யார் என்று தீர்மானித்தன. அதிகாரிகளிடம் பேசும் குரலையும் தந்தன.

மாகாண அளவிலும் இந்தத் தொடர்பைக் காணலாம். சென்னை மாகாண முஸ்லிம் லீக்கை நடத்தியவர்களில் முன்னவரான ஜமால் முகம்மது பெரும் தோல் வணிகர். வட்டமேசை மாநாட்டுக்கும் சென்றவர். திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்த மு. முகம்மது இஸ்மாயில் அந்த வணிக வட்டத்துக்குள் வளர்ந்தே அரசியல் தலைவரானார். பிரிவினைக்குப் பின் லீக்கைக் கலைத்துவிடலாம் என்ற குரல்கள் வட இந்தியாவில் ஓங்கியிருந்தபோது அவர் மறுத்தார். அதை அவருடைய மனத்துணிவாக மட்டும் வாசிப்பது வழக்கம். துணிவு உண்மைதான், ஆனால் தெற்கே கலைப்பதற்கு ஒரு கட்சி மட்டும் இருக்கவில்லை. வடக்கில் நிலக்கிழார்களும் அதிகாரிகளும் எல்லை தாண்டியதும் லீக் கரைந்தது. பெரியமேட்டு வணிகரும் ஆம்பூர்த் தோல் ஷாப்களும் இருந்த இடத்திலேயே இருந்தனர். சமூகம் சிதையாத இடத்தில் கட்சிக்கும் நிற்க ஒரு தரை இருந்தது.

தனித்தொகுதி முறை ஒழிந்ததும் கணக்கு மாறியது. 1946இல் முஸ்லிம் வாக்காளர் மட்டும் வாக்களித்த தொகுதிகளில் லீக் அள்ளிக்கொண்டு வந்தது. இஸ்மாயில் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். புதிய அரசியல் சட்டத்தின் பொதுத்தொகுதிகளில் அது நடக்கவியலாது. ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். நகர எல்லையைத் தாண்டினால் வன்னியரும் ஆதிதிராவிடரும் வாழும் ஊராட்சிகள். 1952 தேர்தலில் இவ்வட்டாரத்தில் தனிக்கட்சியாக நின்று வென்றது வன்னியரை அடித்தளமாகக் கொண்ட மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. கிராமத்தில் எண்ணிக்கை உடைய சாதிக்கு அது முடிந்தது. நகரத்தில் குவிந்திருக்கும் வணிகச் சமூகத்துக்குத் துணை தேவைப்பட்டது.

அந்தத் துணையாக 1962 முதல் திமுக வாய்த்தது. 1967இல் அண்ணா, ராஜாஜி, இஸ்மாயில் மூவரும் ஓரணியில் நின்ற கதை பலருக்கும் தெரியும். இஸ்மாயிலோ 1962 தொடங்கி மூன்று முறையும் மக்களவைக்குப் போனது கேரளத்து மஞ்சேரியிலிருந்து. தமிழ்நாட்டில் அவருக்கு உறுதியான தொகுதி இல்லை என்பதை அது காட்டுகிறது. 1972இல் அவர் மறைந்த பின் தமிழ்நாட்டு லீக்கின் முகமான அ.கா.அ. அப்துல் சமது, திமுகவும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து நின்ற 1980 தேர்தலில் வேலூரிலிருந்து வென்றார். பிறகு 2004இல் கே.எம். காதர் மொகிதீன், 2009இல் மு. அப்துல் ரகுமான். இவ்விருவரும் வென்றது திமுகவின் உதயசூரியனில்.

சின்னம் இங்கே வெறும் படம் அல்ல. 1985இல் வந்த பத்தாம் அட்டவணையின்படி, ஒரு கட்சியின் வேட்பாளராக வென்றவர் சபையில் அக்கட்சியின் உறுப்பினர். அதன் கொறடா சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். உதயசூரியனில் வென்ற அவ்விரு லீக் தலைவர்களும் மக்களவைப் பதிவேட்டில் திமுக உறுப்பினர்களே. ஊரில் ஒரு கட்சி, சபையில் இன்னொரு கட்சி. 2014இல் அப்துல் ரகுமான் அதே வேலூரில் லீக்கின் ஏணிச் சின்னத்தில் நின்றார். அதிமுக வென்றது, அவர் மூன்றாமிடத்துக்குப் போனார். எனினும் மோடி அலை, அதிமுக தனித்து நின்ற வேகம், பாஜக சின்னத்தில் நின்ற ஏ.சி. சண்முகத்தின் சொந்தச் செல்வாக்கு எல்லாம் கலந்த தேர்தல் அது. தோல்வியை ஏணியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

தமிழ்நாட்டு லீக்கின் மேடை தமிழ். ‘மணிச்சுடர்’ நாளேடு தமிழ். தலைவர்களில் பலர் தெற்கிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் வந்தவர்கள். பாலாற்றங்கரை முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் உருது. இந்த இடைவெளியை மேடைப் பேச்சு நிரப்பவில்லை. உள்ளூர்க் கல்விச் சங்கத்துப் பெரியவர்கள்தாம் நிரப்பினர். அவர்கள் சம்மதித்தால் வாக்கு வரும். அவர்கள் பிரிந்தால் கட்சியும் பிரியும். பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1994இல் இப்ராகிம் சுலைமான் சேட் தொடங்கிய இந்திய தேசிய லீக்கின் பக்கம் வாணியம்பாடியின் மு. அப்துல் லத்தீப் போனதும் 1996இல் அவரே அங்கே வென்றதும் இதற்குச் சான்று.

அந்த 1996தான் தோல் வட்டாரத்தின் பெருஞ்சோதனை. ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்றும் தீர்ப்பு பதிவுசெய்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். மாசைத் தடுக்காதவை மூடப்பட வேண்டும். தொழிலின் உயிர்நாடி பற்றிய கேள்வி இது. இதற்கு விடை தேடியவை வாணிடெக், ஆம்பூர்டெக் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிறுவனங்களும் தோல் வணிகர் சங்கங்களும். லீக் அங்கே முதன்மைப் பாத்திரம் ஏற்கவில்லை. முதலாளிகளுக்குத் தம் தொழிலைப் பேசச் சங்கம் இருந்தது. கட்சி தேவைப்பட்டது சமயச் சட்டத்தையும் கல்வியையும் இட ஒதுக்கீட்டையும் பேசத்தான். கிணறு பாழான உழவருக்கும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற ஆதிதிராவிடத் தொழிலாளிக்கும், பின்னாளில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்க வந்த பெண்களுக்கும் அக்கட்சியில் இடமே கேட்கப்படவில்லை. கேரளத்தில் லீக்குக்குச் சுதந்திரத் தொழிலாளி யூனியன் என்ற தொழிற்சங்கம் உண்டு. இங்கே அதற்கு ஈடான வலுவோடு எதுவும் எழவில்லை.

தாய்லாந்தின் தென்கோடி மலாய் முஸ்லிம் மாகாணங்களில் 1986இல் தோன்றிய வதா குழு, திமுகவைச் சார்ந்து நின்ற இந்தத் தமிழ்நாட்டு லீக்கோடு ஒப்பிடத் தக்கது. அது தனிக்கட்சி காணாமல் பெரிய கட்சிகளுக்குள் குடியிருந்தது. புதிய நம்பிக்கைக் கட்சி வழியாகத் தக்சினின் தாய் ரக் தாய் கட்சிக்குள் வந்தது. அதன் தலைவர் வான் முகம்மது நூர் மத்தா 1996இலேயே நாடாளுமன்றத் தலைவரானார். ஆனால் 2004 அக்டோபரில் தாக் பாயில் போராடியவர்கள் 85 பேர் இறந்தபோது ஆட்சி வதா குழுவினர் சார்ந்த கட்சியுடையது. அடுத்த தேர்தலில் சொந்த மண்ணிலேயே தொகுதிகளை இழந்தனர். 2018இல்தான் பிரச்சாசாத் என்ற தனிக்கட்சி வந்தது. பெரிய வீட்டில் அறை எடுப்பவருக்கு அவ்வீட்டின் பழியிலும் பங்கு உண்டு. லீக் திமுகவுக்குள் கரையாமல் தன் பெயரையும் கொடியையும் காத்ததால் அந்தப் பழியிலிருந்து தப்பியது. பதிலாக, அறைக்குரிய அதிகாரமும் கிடைக்கவில்லை.

கடைசிப் பத்தாண்டுகளில் லீக்குக்குப் போட்டி முஸ்லிம் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது. 2011இல் ஆம்பூரை அதிமுக அணியில் நின்ற மனிதநேய மக்கள் கட்சி பிடித்தது. 2016இல் வாணியம்பாடியில் லீக்கை வென்றவர் அதிமுகவின் நிலோபர் கபீல். நகராட்சித் தலைவராக இருந்த அந்த முஸ்லிம் பெண், தொழிலாளர் நலத்துறை அமைச்சரும் ஆனார். லீக் தொடாத துறை அது.

இக்கட்டுரையின் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று அடுத்த இரு தேர்தல்களில் இருக்கிறது. தள்ளிவைக்கப்பட்ட வேலூர் மக்களவைத் தேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. காஷ்மீரின் 370ஆம் பிரிவு நீக்கப்பட்ட அதே நாள். திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கில் தப்பினார். கிராமங்கள் மிகுந்த மூன்று சட்டமன்றப் பகுதிகளில் பின்தங்கிய அவரை வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய மூன்றும் கரையேற்றின. 2021இல் அதே வாணியம்பாடியில், பாமகவும் பாஜகவும் அடங்கிய அதே எதிரணிக்கு எதிராக, லீக் ஏணியில் நின்று அதிமுகவின் செந்தில்குமாரிடம் தோற்றது. நகரத்து ஜமாத்துகளின் வாக்கு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் நின்றிருக்கும். வேறுபாடு நகர எல்லைக்கு வெளியே இருந்தது. தோல் ஷாப்புக்கு வேலைக்கு வரும் ஆலங்காயம் பக்கத்துக் கிராமத்தவருக்கு உதயசூரியன் மூன்று தலைமுறைப் பழக்கம். ஏணி, முதலாளி வீட்டுக் கட்சியின் சின்னம்.