மாலைக்கண்ணும் மதுரையும்: விழித்திரையைக் காக்கும் ஒரு கொழுப்புப் பொருளின் ஆய்வு வரலாறு

வைட்டமின் ஏ கொழுப்பில் கரையும் பொருள். இதன் ஒரு வடிவமான ரெட்டினால்டிஹைடு, விழித்திரையின் குச்சி செல்களில் ஆப்சின் என்ற புரதத்தோடு இணைந்து ரோடாப்சின் ஆகிறது. வளைந்திருக்கும் இந்த மூலக்கூறு, ஒளித்துகள் ஒன்று பட்டவுடன் நிமிர்கிறது. அந்த அசைவே பார்வைச் செய்தியின் தொடக்கம். நிமிர்ந்த மூலக்கூறு மீண்டும் வளைய வேண்டுமானால், குச்சி செல்களை ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்துக்குள் போய்வர வேண்டும். இந்தச் சுழற்சியில் ஏற்படும் இழப்பை இரத்தம் ஈடுசெய்யாவிட்டால் முதலில் போவது அந்திநேரப் பார்வை. அதுவே மாலைக்கண். பற்றாக்குறை நீடித்தால் வெள்ளைவிழி வறண்டு, நுரை படிந்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். கடைசிக் கட்டத்தில் கருவிழி சில நாட்களில் கரைந்துவிடும். விழித்திரையில் தொடங்கும் முதல் கட்டத்தைத் தக்க உணவால் மீட்கலாம். கரைந்த கருவிழி திரும்புவதில்லை.

காரணம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே மருந்து தெரிந்திருந்தது. சுஸ்ருத சம்ஹிதையில் இந்நோய்க்கு ஆட்டு ஈரல் சொல்லப்பட்டிருக்கிறது. வைட்டமின் ஏ உடலில் சேமிக்கப்படும் இடம் ஈரல் என்பதால் அந்தக் கைமருந்து வேலை செய்தது. வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்குத் தேவையான, கொழுப்பில் கரையும் ஒரு பொருள் இருப்பதை அமெரிக்காவில் மெக்கல்லமும் டேவிஸும் 1913-இல் அறிவித்தார்கள். தமிழகத்தில் இந்த அறிவு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் வழியாக. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அதன் இயக்குநராயிருந்த வாலஸ் அய்க்ராய்டும், சென்னை அரசு கண் மருத்துவமனையின் ஆர். இ. ரைட்டும் சேர்ந்து, கருவிழி கரையும் நோய்க்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1937-இல் வெளியிட்டார்கள். மீன் ஈரல் எண்ணெய்க்கு மாற்றாக ஒரு தாவர எண்ணெயைச் சோதித்தது அக்காலத்துக்குத் துணிவான யோசனை. செம்பனை எண்ணெயின் சிவப்பே கரோட்டின்தான். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. இன்று ரேஷன் கடைக்கு வரும் பாமாயில் சுத்திகரிப்பில் அந்தச் சிவப்பை இழந்துவிட்டது. வைட்டமின் வேண்டுமானால் தனியே கலக்க வேண்டும் என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு.

விழித்திரையிலேயே வைட்டமின் ஏ இருப்பதை ஜார்ஜ் வால்ட் 1933-இல் கண்டறிந்தார். 1967-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பைவிடக் கூர்மையான கேள்வியை 1960-இல் அவரும் ஜான் டௌலிங்கும் எழுப்பினார்கள். வைட்டமின் ஏ இல்லாத தீனியில் வளர்ந்த எலிகளுக்கு அதன் அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் பார்வை இழந்தன, விழித்திரையின் ஒளியுணர் செல்களும் சிதைந்தன. உடல் அந்த அமிலத்தைப் பார்வைக்கு வேண்டிய வடிவமாகத் திருப்ப முடியாததே காரணம். வைட்டமின் ஏ-க்குப் பார்வை, உடல் வளர்ச்சி என இரண்டு வேலைகள் உண்டு என்பதும், ரோடாப்சின் உருவாகாமல் போனால் குச்சி செல் பார்வையோடு தன் உயிரையும் இழக்கும் என்பதும் இதிலிருந்து தெளிவாயின. இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பது 1987-இல் விளங்கியது. பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்தைச் செல்லின் உட்கருவில் கண்டார்கள். மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வல்ல தூதுப்பொருளாக அந்த அமிலம் அறியப்பட்டது. தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்படலங்களும் நோய் எதிர்ப்புச் செல்களும் இந்தத் தூதையே நம்பியிருக்கின்றன.

இந்த ஆய்வக அறிவுக்குக் களமாக அமைந்தது மதுரை. நகரின் எர்ஸ்கின் மருத்துவமனை, இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை, தென் மாவட்டங்களின் பெரிய மருத்துவமனை. மேற்கிலும் தெற்கிலும், திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, பேரையூர் என்று வானம் பார்த்த பூமி அதைச் சூழ்ந்து கிடந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கீரையும் பாலும் குறையும் இத்தகைய நிலத்தில் குழந்தைகளின் கண்தான் முதலில் பாதிக்கப்படும். அங்கே கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மாத்திரை கொடுத்து அனுப்பிய குழந்தை அதே நோயோடு திரும்பி வருவதற்கு மருந்துக் குறைவு காரணமல்ல, சமையல்தான் காரணம் என்று கருதினார். தாயும் குழந்தையும் தங்கி, கீரை, பருப்பு, சிறுதானியம் கொண்டு மலிவாகச் சமைக்கக் கற்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் மதுரையில் உருவானது. ஆக்ஸ்போர்டில் கண் வில்லையின் வேதியியலை ஆராய்ந்த ஆன்டொனெட் பிரி இதில் துணை நின்றார். அவரும் வெங்கடசாமியும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1976-இல் லான்செட் இதழில் வந்தது. அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை வெங்கடசாமி தொடங்கினார்.

அடுத்த பத்தாண்டில் கேள்வியே மாறியது. இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சாமர், மாலைக்கண் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறப்பதை 1983-இல் எடுத்துக்காட்டினார். கண்ணில் அறிகுறி தோன்றுவதற்குள் உடலின் உள்படலங்கள் அந்தத் தூதுப்பொருள் இல்லாமல் பலவீனமடைந்துவிடுகின்றன என்பது இதன் பொருள். அப்படியானால் வைட்டமின் கொடுத்து உயிரைக் காக்க முடியுமா? அரவிந்தைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா, ஆர். டி. துளசிராஜ், அமெரிக்காவின் பார்பரா அண்டர்வுட் முதலியோர் தமிழகக் கிராமப்புறத்தில் 15,419 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ-யும் சிறிதளவு வைட்டமின் ஈ-யும். மற்றப் பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். இரண்டு வகை வீடுகளுக்கும் பணியாளர் ஒரே முறையில் போய்வந்ததால், வீடு தேடிவந்த கவனிப்பே பலன் தந்திருக்கும் என்று ஒதுக்க இயலாது. 1990 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வெளியானது: வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைவு. மூன்று வயதுக்குட்பட்டோரிடமும் நாட்பட்ட ஊட்டக்குறைவால் குள்ளமான குழந்தைகளிடமும் பலன் மிகுதி.

இதே 1990-இல் ஐதராபாத் பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு கொடுத்த ஆய்வு, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. மதுரைக் குழு அடுத்ததாகப் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பிறந்ததும் இரு நாட்களில் 24,000 அலகு வீதம் இருமுறை கொடுத்தபோது, ஆறு மாதத்துக்குள் நிகழும் இறப்பு 22 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. வேறு நாடுகளில் முடிவுகள் ஒத்துவரவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

விழித்திரை ஆய்வோ தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்த மூலக்கூறை வளைக்கும் நொதியின் மரபணு பழுதானால் குழந்தை பிறவியிலேயே பார்வைக் குறைவோடு பிறக்கிறது. அதற்கான மரபணுச் சிகிச்சை 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குச்சி செல்லிலிருந்து ரெட்டினால்டிஹைடை வெளியேற்ற உதவும் வேறொரு மரபணு பழுதானால், தேங்கிய பொருளின் கழிவு நிறமிப் படலத்தில் படிந்து அதை அழிக்கிறது. குறைவு போலவே தேக்கமும் நஞ்சு. விழித்திரையில் செறிந்துள்ள டிஹெச்ஏ என்ற மீன் கொழுப்பிலிருந்து நிறமிப் படலச் செல்களைக் காக்கும் தூதுப்பொருள் உண்டாவதை 2004-இல் நிக்கோலஸ் பசான் குழு காட்டியபின், கொழுப்பு வெறும் எரிபொருள் என்ற பழைய எண்ணம் கண் மருத்துவத்தில் நிற்கவில்லை.

இந்தியாவில் 1970 முதல் நடைமுறையில் இருப்பது பெருமருந்தளவு முறை. இப்போதைய அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் 1,00,000 அலகு, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு. உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இம்முறையால் இறப்பு 4 விழுக்காடே குறைந்திருந்தது. அதுவும் புள்ளியியலில் உறுதிப்படவில்லை. தமிழக ஆய்வில் வாரந்தோறும் கொடுத்ததைக் கூட்டினால் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ அதே 2,00,000 அலகுதான் வருகிறது. அளவு ஒன்று, கொடுத்த விதம் வேறு. இரு பகுதிகளின் ஊட்டநிலையும் காலமும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் இதன்மேல் ஏற்ற முடியாது. ஆயினும் வாரச் சிற்றளவு என்பது கீரையும் முட்டையும் தரக்கூடிய அளவு. உடல் பழகிய வழி அதுவே. வாரந்தோறும் வீடு தேடிப் போவது செலவு பிடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெழுதுவது எளிது. மதுரைக் குழுவின் முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அவர்கள் மருந்து கொடுத்த முறையை இந்தியாவின் பெருமருந்தளவுத் திட்டம் கைக்கொள்ளவில்லை.