அசீரியர் கண்ட இறைவனும் அரசனும்

சனகெரிப் மன்னன் கி. மு. 701ஆம் ஆண்டிலே யூதேயாவின் மீது படையெடுத்து வந்து எருசலேமை நெருக்கிய செய்தியை வேதாகமம் கூறும். அசீரியர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தீயும் வாளுமே. ஊர்களைச் சுட்டெரித்ததையும், மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து அயல்நாடுகளிற் குடியேற்றியதையும் அம்மன்னர்களே பெருமையுடன் கல்லிற் பொறித்து வைத்தனர். எனினும், எகிப்தியரின் பார்வோன் தெய்வமாகவே போற்றப்பட, இத்துணை வலிமை படைத்த அசீரிய வேந்தர் தம்மைத் தெய்வம் என்று கூறிக்கொண்டாரல்லர். இஃது ஆராயத்தக்கது.

தைகிரிசு நதிக்கரையிலே, பாறைமேடொன்றின் மீது அமைந்திருந்தது அசூர் நகரம். நகருக்கும் அதன் தெய்வத்துக்கும் பெயர் ஒன்றே. ஏறக்குறைய கி. மு. 2000ஆம் ஆண்டளவில் அந்நகரை ஆண்ட சிலுலு என்பவனின் முத்திரை, அரசன் அசூர்த் தெய்வமே என்றும், சிலுலு அத்தெய்வத்தின் பிரதிநிதி என்றும் கூறுகின்றது. சிற்றூர் பேரரசாகிய பின்னரும் இக்கொள்கை மாறவில்லை. முடிசூட்டு விழாவிலே அசூரே அரசன் எனப் பூசகர் முழங்குவர். முடிசூடுபவன் அத்தெய்வத்தின் பூசகனாகவும் பணியாளனாகவுமே அரியணை ஏறுவான். கி. மு. 714இல் உரார்த்து நாட்டின் மேற் படைநடத்தி வென்ற இரண்டாம் சார்கோன், அப்போரின் விவரம் முழுவதையும் அசூர்த் தெய்வத்துக்கு ஒரு கடிதமாகவே வரைந்தான். தலைவனுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் ஊழியனைப் போன்றே அவன் அதில் நிற்கின்றான்.

தெய்வத்தின் பணியாள் ஆதலின் அரசனுக்கு அச்சமும் உண்டு. கிரகணம் அரசனின் மரணத்தை முன்னறிவிப்பதாகச் சோதிடர் கூறின், எளியவன் ஒருவனுக்கு அரச உடை அணிவித்து அரியணையில் இருத்துவர். மெய்யான மன்னனோ அரசன் என்னும் பெயரை நீக்கி, கடிதங்களிலே உழவன் என அழைக்கப்படுவான். இந்நிலை நூறு நாள் வரையும் நீடிக்கலாம். முடிவில் அப்பதிலரசன் கொல்லப்படுவான். சனகெரிப்பின் மகனாகிய எசரத்தோன் காலத்தில் இச்சடங்கு பலமுறை நடைபெற்றது. தெய்வம் அரசனுக்கு விதித்த தண்டனையை யாரோ ஓர் ஏழை ஏற்கவேண்டியிருந்தது!

அரசனைப் பணிவித்த கொள்கையே அவன் கையில் ஆயுதமுமாயிற்று. நாட்டின் எல்லையை விரிப்பது முடிசூட்டு விழாவிலேயே அவனுக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே ஒவ்வொரு போரும் அசூரின் போர். திறை செலுத்த மறுத்தவன் தெய்வத் துரோகி. கி. மு. 689இல் சனகெரிப் பாபிலோனை அழித்தான். படைப்பினைப் பாடும் பாபிலோனியரின் காவியத்திலே மர்தூக் தெய்வம் இருந்த இடத்தில் அசூரின் பெயர் அசீரியாவில் எழுதப்பட்டது. கி. மு. 681இல் சனகெரிப் தன் சொந்த மக்களின் சதியாற் கொலையுண்டான். அடுத்து வந்த எசரத்தோன் பாபிலோனை மீளக் கட்ட விரும்பினான். அந்நகர் 70 ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டும் என்பது மர்தூக்கின் விதி எனப்பட்டது. ஆப்பெழுத்தில் 70ஐக் குறிக்கும் குறிகளை முன்பின்னாக மாற்றினால் 11 ஆகும். மர்தூக்கே இரங்கி அவ்வாறு மாற்றிவிட்டார் என எசரத்தோனின் கல்வெட்டுகள் உரைத்தன. அழித்தவனுக்கும் தெய்வம் துணை. கட்டியவனுக்கும் தெய்வம் துணை! தெய்வத்தின் பிரதிநிதி எனப்பட்டவன், தெய்வத்தின் சொல்லையே தன் தேவைக்கேற்பத் திருத்தும் நிலைக்கு வந்துவிட்டான் அன்றோ?

கி. மு. 614இல் அசூர் நகரமும், 612இல் நினிவேயும் வீழ்ந்தன. மேதியரும் பாபிலோனியரும் அப்பேரரசை அழித்தொழித்தனர். ஆயினும் அசூர்த் தெய்வத்தின் வரலாறு அத்துடன் முடிந்திலது. பார்த்தியர் காலத்திலே அதே மேட்டில் அத்தெய்வத்துக்கு மீண்டும் ஒரு கோயில் எழுந்தது. கி. பி. 2ஆம் நூற்றாண்டிலும் அங்கு வாழ்ந்தோர் அசூரின் பெயரை அரமேய மொழியிற் பொறித்து வழிபட்டனர். அவர்களுக்குப் படையுமில்லை, திறையுமில்லை. அசூரின் பெயரால் உலகை ஆண்ட மன்னர் மறைந்து எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அப்பெயரைக் காத்து நின்றவர் இவ்வெளிய மக்களே. அரசனின் கைக்கருவியாகிய சமயம் அரசனோடு அழிந்தது. அடியவர் உள்ளத்திற் குடிகொண்ட சமயமோ அரசையும் கடந்து நின்றது என்பதே அசீரியர் வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாகும்.