ஈதருக்காகப் பிறந்த கூடு

மீன்தொட்டி வடிகட்டியில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், சுவரே இல்லாத வீடுகள் தெரியும். தூணும் உத்தரமும் மட்டும். அந்த வீட்டை மாதிரியாகக் கணக்கிட ஆய்வாளர்கள் எடுத்தாளும் வரைபடம் வேறொன்றுக்காகப் பிறந்தது.

1887-ல், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், ஒளியைச் சுமப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் நுரைபோல் இருக்குமோ என்று யோசித்தார். வெளியை ஒரே கொள்ளளவுள்ள அறைகளாகத் தடுக்கவேண்டும். சுவர் மிகக் குறைவாகச் செலவாகவேண்டும். அவருக்குக் கிடைத்த விடை ஆறு சதுரம், எட்டு அறுகோணம் கொண்ட பதினான்கு முகக் கூடு. சோப்புப் படலங்கள் மூன்று மூன்றாக, 120 பாகையில்தான் சந்திக்கும் என்பது பெல்ஜியத்து ஜோசஃப் பிளாட்டோ (கிரேக்க ஞானி அல்ல, பார்வையிழந்த பின்னும் படலங்களை ஆராய்ந்தவர்) கண்ட விதி. அதற்கு இணங்க, கெல்வின் அறுகோணங்களை லேசாக நெளித்துவிட்டார்.

ஈதர் போயிற்று. கூட்டுக்கும் நல்ல காலமில்லை. 1946-ல் எட்வின் மாட்ஸ்கே என்ற தாவரவியலர் ஒரே அளவுக் குமிழிகளை ஒவ்வொன்றாக ஊதிச் சேர்த்து, 600 குமிழிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சராசரி முகம் 13.7. எண் கிட்ட வந்தது. கெல்வினின் கூடு ஒன்றுகூட வரவில்லை. 1993-ல் டப்ளினில் டெனிஸ் வியரும் ராபர்ட் ஃபெலனும் இருவகை அறைகளைக் கலந்து, சுவரில் 0.3 சதவீதம் மிச்சம் பிடித்தார்கள். அவர்கள் வடிவம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் அரங்கின் சுவரேறிவிட்டது.

தோற்ற கூட்டுக்கு அடைக்கலம் கொடுத்தது ஸ்பாஞ்ச்தான். படலங்கள் உடைந்துபோன நுரையில் சுவர்க் கணக்கு யாருக்கு வேண்டும்? அமுக்கினால் கம்பிகள் எப்படி வளையும் என்பதே அங்கே கேள்வி. அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு கால்பங்காகிவிடும் என்பது கிப்சன், ஆஷ்பி என்ற ஆய்வாளர்கள் இருவரின் கணக்கு. கெல்வின் கூட்டிலும், கம்பி மெலிந்திருக்கும்வரை, கிட்டத்தட்ட அதே விடை. பாலியூரித்தேன் நுரை பொங்கி எழும்போது அறைகள் மேல்நோக்கி நீண்டுவிடும். கூட்டையும் அப்படியே இழுத்துவிட்டால், பொங்கிய திசையில் ஏன் விறைப்பு அதிகம் என்பது விளங்கிவிடுகிறது.

நிஜ நுரை இத்தனை ஒழுங்கல்ல. எக்ஸ்ரே டோமோகிராஃபி அதன் கோணல்களையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அத்தனையையும் கணக்கிட்டு முடிப்பதற்குள் கணினி திணறிவிடும். கெல்வின் கூட்டில் 36 விளிம்புகள். ஒவ்வொன்றும் மூன்று கூடுகளுக்குப் பொது. பன்னிரண்டு கம்பி வரைந்தால் போதும், மீதி சிக்குக்கோலம்போலத் தானே தொடரும்.