பூட்டில்லாத தட்டு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வெளிவந்ததும் அங்கிருந்துதான். இவை நாமெல்லாம் அறிந்த பெருமைகள். அப்படங்களை நம்மில் பலர் வீட்டில் அமர்ந்து பார்த்தது விசிடியில் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை.

விசிடிக்கு 1993இல் இலக்கணம் வகுத்தவை பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள். பாட்டுக்கென்று வந்த குறுந்தகட்டிலேயே எம்பெக்-1 முறையில் படத்தைச் சுருக்கி அடைத்தார்கள். ஒரு தட்டில் 74 நிமிடம். காட்சியின் அளவு 352க்கு 288 புள்ளிகள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டு தட்டுகளுக்குள் அடங்காமல் இரண்டு நிமிடம் மிஞ்சும். ஆகவே மூன்றாம் தட்டு. உச்சக்கட்டத்துக்கு முன் ஒருவர் எழுந்துபோய்த் தட்டை மாற்றியாக வேண்டும்.

மேலைநாடுகள் பெரிதும் பொருட்படுத்தாத இவ்வடிவம் சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் வேரூன்றியது. 1980களில் விசேஷ வீடுகளுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்த ஊர்கள் நம்முடையவை. நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஓட ஓடத் தேயும். தட்டுக்கு அத்தொல்லையில்லை, விலையும் குறைவு. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடிசைக்குள்ளும் திரையைக் கொண்டுவந்தது.

இன்னொரு காரணம், விசிடியில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஏதுமில்லை. கணினி வைத்திருந்த எவரும் பெயர்த்தெடுக்கலாம். திருட்டு விசிடி பெருகியது. 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வீடியோத் திருடர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. பின்னர் மோசர் பேர் நிறுவனம் முறையான உரிமம் பெற்று முப்பது ரூபாய்க்கும் குறைவாகவே விசிடிகளை விற்றுப் பார்த்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1996இல் ஜப்பானில் பிறந்த டிவிடி, முழுப்படத்தையும் ஒரே தட்டில் தந்தது. அடுத்து பென்டிரைவ், கைப்பேசி, மலிவான இணையம். 2018இல் மோசர் பேரைக் கலைக்க உத்தரவாயிற்று.

திரைப்படங்களைப் பற்றி நமக்குப் பெரிய கவலையில்லை. பெயர்பெற்ற படங்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. கவலை வேறொன்றைப் பற்றியது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் திருவிழா இரவுகளில் ஆடிய தெருக்கூத்துகளையும், அண்ணன்மார் கதையின் உடுக்கடிப் பாடல்களையும் உள்ளூர் வீடியோக்காரர்கள் பதிவு செய்து விசிடியாக விற்றார்கள். ஆடியவர்களில் பலர் இன்றில்லை. எந்தப் படநிறுவனத்தின் காப்பறையிலும் அவற்றுக்கு மூலப்பிரதி கிடையாது. கள ஆய்வுக்குச் செல்லும் நம் மாணவர்கள் அவ்வப்போது ஒரு தட்டைக் கொண்டுவருகிறார்கள். எழுதத்தக்க தட்டுகளில் உள்ள சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளிறிவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, கூத்தர் குரல் பாதியில் நிற்கிறது. புதிய கணினிகளிலோ தட்டைச் செருக இடமே இல்லை.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறு நமக்குத் தெரியும். ஓலை சிதையுமுன் புது ஓலையில் பெயர்த்தெழுதிய நூல்களே பிழைத்தன. பெயர்த்தெழுத ஆளில்லாதவை செல்லுக்கு இரையாயின. விசிடியின் வாணிகத்தைக் கெடுத்த அந்தப் பூட்டின்மைதான் இப்போது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. யாருடைய அனுமதிச் சாவியும் இல்லாமல் தட்டிலிருந்து கோப்பைப் பெயர்த்தெடுத்துவிடலாம். பீரோவின் மேல்தட்டில் பழைய திருமண விசிடிகளுக்கிடையே ஒரு கூத்துத் தட்டு கிடக்கக்கூடும். படிக்கும் கருவி ஒன்று எங்கேனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துப் பாருங்கள். ஆடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள்.