பழைய எஞ்சின் பெற்ற புதுவலிமை

பெருவேகப் பொறிகள் யாவும் பெருந்தொழிற்சாலைகளிலேயே பிறப்பன என்பது பலருடைய எண்ணம். ஒரு சிறு கொட்டகையில், தனி மனிதர் ஒருவர் நாற்பதாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டு உருமாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் வரலாறு இவ்வெண்ணத்தை மாற்றவல்லது. அவ்வண்டியின் பெயர் ‘இந்தியன் ஸ்கௌட்’. பெயரைக் கண்டு அது நம் நாட்டில் பிறந்ததென்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவானது அது.

1920ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் தென்பகுதியில் வாழ்ந்த பர்ட் மன்றோ என்னும் இளைஞர் அதனை வாங்கினார். எஞ்சினின் கொள்ளளவு 600 சி.சி.; உச்ச வேகம் மணிக்கு 55 மைல். அக்காலத்துக்கு அது குறைவன்று. ஆயினும் மன்றோவின் மனம் அதில் நிறைவு கொள்ளவில்லை.

அவ்வெஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே அமைந்திருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை வளைந்து திரும்பியே உள்ளே புக வேண்டும். எரியறையும் பக்கவாட்டில் அகன்று கிடக்கும். ஆதலின் கலவையை மிகுதியாக அழுத்த இயலாது. விசையும் ஓரளவுக்கு மேல் பெருகாது. வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மாற்றினால் கலவை தடையின்றிப் பாயும். எரியறை சிறுத்து, அழுத்தம் உயரும். இம்மாற்றத்தை மன்றோ தம் கையாலேயே செய்தார். கொள்ளளவையும் படிப்படியாக 950 சி.சி. வரை பெருக்கினார்.

செல்வரல்லர் அவர். பழைய தகர டப்பாக்களை அச்சாக்கி உலோகத்தை உருக்கி வார்த்தார். பிஸ்டன்களையும் சிலிண்டர்களையும் தாமே செய்துகொண்டார். நுண்ணளவு பார்க்க அவருக்குக் கருவியாயிற்று பழைய சக்கரக் கம்பி ஒன்று! விசை கூடக் கூடப் பழைய உறுப்புகள் தாங்கா. எஞ்சின் பன்முறை வெடித்துச் சிதைந்தது. சிதைந்த உறுப்புகளை அவர் எறிந்துவிடவில்லை. அலமாரியில் அடுக்கி, வேகத் தெய்வத்துக்கு இட்ட படையல் என்று எழுதி வைத்தார். ஒவ்வோர் உடைவும் அடுத்த உறுப்பை எங்ஙனம் செய்ய வேண்டும் என்பதற்குப் பாடமாயிற்று.

1962இல் அவ்வண்டியைக் கடல் கடந்து கொண்டுசென்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில் உப்புவெளியில் ஓட்டினார், 883 சி.சி. பிரிவில் மணிக்கு 178.95 மைல் என்னும் சாதனை பிறந்தது. 1967இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், 1000 சி.சி.க்குட்பட்ட பிரிவிலும் சாதனை படைத்தார். ஏட்டில் பதிந்த வேகம் 183.586 மைல். தொடக்க வேகத்தைப் போல் அது மும்மடங்குக்கும் மேல்!

மன்றோ 1978இல் மறைந்தார். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகும். அக்கணக்கில் பிழை இருந்ததைப் பல்லாண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் கண்டறிந்தார். 2014இல் வேகம் 184.087 மைல் எனத் திருத்தப்பட்டது.

வேறுபாடு அரை மைலளவே. எனினும், அந்த அரை மைலுக்குப் பின்னே எத்தனை இரவுகளின் உழைப்பு! உழைத்தவன் கணக்கில் ஓர் இம்மியும் குறைதலாகாது. தாமதமாகவேனும் அக்கணக்கு நேரானது கண்டு மகிழ்வோமாக.