மியூனிக் ராக்கில் ஒரு நாயனம்

இசைத்தட்டுகளின் கதை – 17

1973-இல் ஜெர்மனியில் வெளியான ‘வி கீப் ஆன்’ என்ற எல்.பி.யில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நாகஸ்வரம் கேட்கிறது. வாசித்தவர் தஞ்சை ஜில்லாக்காரர் இல்லை. பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ. குழுவின் பெயர் எம்ப்ரியோ. 1969-இல் மியூனிக்கில் கிறிஸ்டியான் புர்ஹார்ட் தொடங்கியது.

அந்த நாளைய ஜெர்மன் இளைஞர்களுக்குப் பெற்றோர் கேட்ட மெல்லிசையும் பிடிக்கவில்லை, அமெரிக்க ராக்கை அப்படியே காப்பியடிக்கவும் மனமில்லை. கான், ஃபௌஸ்ட், நொய் என்று புதிய குழுக்கள் முளைத்தன. கான் குழுவில் இருவர் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுஸனிடம் படித்தவர்கள். இந்தக் குழுக்களின் முதல் பதிப்புத் தட்டுகளுக்காக இன்று உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். ஆனால் தமிழர் ஒருவர் சேகரிக்கத் தொடங்கினால் முதலில் வாங்க வேண்டியது எம்ப்ரியோவைத்தான் என்பேன்.

காரணம் மரியானோ. சார்லஸ் மிங்கஸின் 1963-ஆம் ஆண்டுத் தட்டில் சாக்ஸபோன் வாசித்து ஜாஸ் உலகில் பேர் வாங்கியவர். அறுபதுகளின் பிற்பாதியில் கோலாலம்பூரில் பணியாற்றப் போனபோது நாகஸ்வரத்தைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை; கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்தும் பயின்றார்.

அது லேசான வேலை இல்லை. சாக்ஸபோனில் ஒற்றை நாணல், உலோகச் சாவிகள். நாயனத்தில் சாவி கிடையாது. துளையை விரல்தான் மூடித் திறக்க வேண்டும். நாணலான சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு போகிறது என்பதில்தான் கமகமே பிறக்கிறது. நாற்பதைக் கடந்த பிறகு, கச்சேரிகளில் கைதட்டல் வாங்கிப் பழகிய ஒருவர் இதற்காக மறுபடி மாணவரானார். இதை நம் இசை வரலாற்றில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை.

திருவெறும்பூர் மலைக்கோயிலில் நாயனம் வாசித்தால் கீழே தெருவரை கேட்கும். ஊர்வலத்துக்கும் திறந்த வெளிக்கும் என்றே அமைந்த வாத்தியம் அது. தவிலுக்கு ஈடுகொடுத்துப் பழகிய நாயனத்துக்கு எலெக்ட்ரிக் கிட்டார் எம்மாத்திரம்? அதனால்தான் ‘வி கீப் ஆன்’ தட்டில் அது ஒட்டுப்போட்டதுபோல ஒலிப்பதில்லை. மரியானோ 1975-இல் எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ பதிவிலும் நாகஸ்வரம் வாசித்தார். அது இன்னும் நிதானமான இசை. எனக்கு முதல் தட்டின் முரட்டுத்தனமே பிடிக்கிறது.

1978-இல் எம்ப்ரியோ குழு பேருந்துகளில் கிளம்பி, கொந்தளித்துக்கொண்டிருந்த ஈரான் வழியாகவும் ஆப்கானிஸ்தான் வழியாகவும் இந்தியா வந்து சேர்ந்தது. அந்தப் பயணத்தின் பதிவுதான் ‘எம்ப்ரியோஸ் ரைஸ’ என்ற இரட்டை எல்.பி. அதை 1979-இல் வெளியிட்ட ஷ்னேபால், இசைக்கலைஞர்களே சேர்ந்து நடத்திய கம்பெனி. பிறகு பெங்களூரில் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ்.மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு உறவு வளர்ந்தது. எம்ப்ரியோவிலிருந்து பிரிந்த டிசிடென்டன் குழு 1982-இல் அவர்களோடு ‘ஜெர்மனிஸ்தான்’ வெளியிட்டது. 1983-இல் மரியானோவும் அதே கலைஞர்களும் சேர்ந்த ‘ஜோதி’ வந்தது. அதில் ராமமணியின் குரல், மணியின் மிருதங்கம், ராஜகோபாலின் கடம், சசிகுமாரின் கஞ்சிரா.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ‘வி கீப் ஆன்’ தட்டின் முதல் பதிப்பு பி.ஏ.எஸ்.எஃப். லேபிளில் வந்தது. ஆமாம், நாம் பாட்டுப் பதிய வாங்கிய காலி கேசட்டின் அதே கம்பெனி! உறையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைப்பட்ட வெற்று வளையத்தில் பொறித்த எண்ணைப் படியுங்கள். மறுபதிப்பா, முதல் அச்சா என்பதற்கு அதைவிட நல்ல தடயம் இல்லை. வாங்கிய தட்டைப் பரணில் போடாதீர்கள். நம் மே மாத வெயிலில் வினைல் இளகி நெளிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்காமல், சுவரோரம் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள்.

மரியானோ 2009-இல் கொலோனில் காலமானார். புர்ஹார்ட் 2018-இல் மறைந்தார். அவர் மகள் மரியா எம்ப்ரியோவை இன்றும் நடத்துகிறார்.

(தொடரும்)